பத்தொன்பது கிலோ

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அந்த ஞாயிறு காலை என்னையும் தம்பியையும் ஒரு பழைய ஆறு மாடிக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். பழுதெல்லாம் பார்த்து முடித்துவிட்டார். ஆனாலும் அவர் சோதிக்கும்போதெல்லாம், முந்நூற்று நாற்பது கிலோவில் அலற வேண்டிய மணி முன்கூட்டியே அலறியது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேலை போய்விடும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

"கணக்குப் போட்டா கண்டுபிடிச்சிடலாம்பா," என்றேன். பத்தாம் வகுப்புத் திமிர்.

ஈர வாடை அடித்த நடையில், லிஃப்டுக்கு வெளியே அப்பா நின்றார். உள்ளே இருபது கிலோ தண்ணீர் கேன்கள் பதினாறு. அதன்மேல் நாங்களும் வெளியே நின்றபடியே ஒரு லிட்டர் பாட்டில்களை அடுக்கத் தொடங்கினோம். ஒரு லிட்டர், ஒரு கிலோ.

முதல் பாட்டிலிலேயே மணி அலறியது. முந்நூற்று இருபத்தொன்று. பத்தொன்பது கிலோ உதைத்தது.

சலித்துப்போய் அப்பா டீ குடிக்கப் போனார். தம்பி விடவில்லை. திரும்ப அடுக்கினான். இருபதாவது பாட்டிலில்தான் மணி அடித்தது. கச்சிதமாக முந்நூற்று நாற்பது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா வந்தார். முந்நூற்று இருபத்தொன்று.

ஏதோ சாக்குச் சொல்லி அவரை வெளியே அனுப்பினோம். முந்நூற்று நாற்பது.

மூன்று முறை பார்த்தோம். மூன்று முறையும் அப்படியே.

"மெஷின் பொய் சொன்னா எப்பவும் ஒரே பொய்யைத்தான் சொல்லும்," தம்பி என் காதில் கிசுகிசுத்தான். "இது அப்பா இருந்தாதான் வருதுக்கா."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதுதான். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பெரிய விஞ்ஞானி மாதிரி நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்வளவு குறையுது?"

"பத்தொன்பது கிலோப்பா."

சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

"ஆறு வருஷம் முன்னாடி, வேற ஒரு கட்டடம். கதவு லாக் வேலை செய்யல. நாளைக்கு மாத்திக்கலாம்னு கம்பி வச்சுக் கட்டிட்டு வந்துட்டேன். மறுநாள் நான் போறப்போ, ஒண்ணாங்கிளாஸ் பொண்ணு. கதவு திறந்துச்சு, லிஃப்ட் மேல் மாடியில நின்னுச்சு. நான்தான் தூக்கிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில எடை போட்டாங்க."

"எவ்வளவுப்பா?"



ஒற்றைப் பாட்டிலுக்கே லிஃப்டுக்குள் மணி அலறிக்கொண்டே இருந்தது.

அப்பா உள்ளே போனார். யாருமில்லாத மூலைக்கு முதுகைக் காட்டிக் குந்தினார்.

"ஏறிக்கம்மா."

தம்பி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அப்பா முழங்காலில் கை ஊன்றி, மெதுவாக எழுந்தார். இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மணி நின்றது.

யாரோ பின்னாலிருந்து பற்றித் தொங்குவதுபோல் அவருடைய சட்டைக் காலர் தொண்டையை இறுக்கியிருந்தது. எங்களைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார். நான் பாட்டில்களை அடுக்கினேன். முந்நூற்று நாற்பது.

சாயங்காலம் கம்பெனி ஆள் வந்து கையெழுத்துப் போட்டார். வேலை தப்பியது. நான் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றிலிருந்து அப்பா மல்லாந்து படுப்பதில்லை.