புளிக்காத மாவு

மூன்றாவது முறையும் மாவு பொங்கவில்லை.

நேற்று சாயங்காலம் கரைத்து வைத்த இட்லி மாவில், கேதரினின் விரல்கள் கடைசியாகச் சுழற்றிவிட்ட சுழி அப்படியே நின்றது. ஒரு குமிழிகூட இல்லை. முகர்ந்து பார்த்தாள். பச்சை மாவின் வாசனையாவது இருக்க வேண்டும், அதுவும் இல்லை. நாளை காலை மகன் மோரிஸுக்கு ஞானஸ்நானம். பாடாங் மேஹாவிலிருந்து ஒரு வேன் நிறைய உறவுகள் வருகிறார்கள். அவளுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் வந்தது.

முதல் இரண்டு முறையும் குற்றம் மாவு வாளியின் மேல் விழுந்தது. போன மாதம் கணவன் சிரில், தான் வேலை செய்யும் ரப்பர் ஆலையிலிருந்து ஒரு டின் பூச்சு கொண்டுவந்திருந்தான். தொட்டியில் கிருமி சேர்ந்து கித்தாப் பால் எனும் ரப்பர் பால் திரிந்துபோகாமலிருக்க, வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பூசிப் பார்க்கச் சொன்னது. மீந்ததைச் சமையல் மேடைக்கும் மாவு வாளிக்கும் அடித்துவிட்டு, பெருமையோடு பக்கத்தில் நின்றான்.

“இது சாதா பெயின்ட் இல்லலா. புத்தியுள்ளது. ஈரமும் சூடும் பட்டா முழிச்சுக்கும். கிருமி எங்க இருக்கோ அங்க தானா நகர்ந்து போய் மூடிக்கும்.”

அந்த வாளியில்தான் இரண்டு முறை கையை விட்டு மாவு கரைத்தாள். இரண்டும் வீண். அதனால் மூன்றாவது முறை பக்கத்து வீட்டுக்கே போய் ஆட்டினாள். பானை குணவதி அக்காவுடையது. அரிசி, உளுந்து, உப்பு எல்லாமே அக்காவுடையவை. கேதரினுடையது கை மட்டும்.

பானையை எட்டிப் பார்த்த குணவதி சிரித்தாள். புருஷன் மேல் கோபமாக இருந்தால் மாவு புளிக்காது என்று தன் மாமியார் சொல்வார்களாம். பிறகு கிட்டே வந்தவள் சிரிப்பை நிறுத்தினாள்.

“என்னம்மா, உன் மேல வாடையே இல்ல? பிள்ளைக்காரி மேல பால் வாசம் வீசணுமே.”

கேதரின் வீட்டுக்கு வந்தாள். மத்தியான மழை தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கக் கால்வாயின் அழுகல் வாடை, குமட்ட வைக்கும் அந்தப் பழகிப்போன வாடை, சன்னல் வரை வந்தது, ஆனால் சமையலறைக்குள் அவள் நின்ற இடத்தில் எதுவுமே மணக்கவில்லை, தொங்கவிட்ட கருவாடும், நேற்றைய மீன் சட்டியும், வியர்த்து நனைந்திருந்த அவளுடைய ரவிக்கையும்கூட.

கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நுரை விரலில் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. தேங்காய் நாரால் தேய்த்தாள். தோல் சிவக்கவில்லை. கழுவி வைத்த பீங்கானைப் போல மினுங்கியது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். நார்தான் பிய்ந்தது.

தொட்டிலில் மோரிஸ் முனகினான். ஐந்து மாதக் குழந்தை. இரண்டு நாளாகச் சரியாகப் பால் குடிக்கவில்லை. மடியில் போட்டால் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடுவான், அவள் அங்கே இல்லாததுபோல. பல் முளைக்கிறது என்றாள் குணவதி. சூடு என்றான் சிரில். அவளும் நம்பினாள்.

குளிப்பாட்டினால் பசி எடுக்கும். வெந்நீர் விளாவி, கால்களில் அவனைக் கிடத்தி, நெற்றியில் ஒரு கை தண்ணீர் விட்டாள்.

நெற்றி நனையவில்லை.

தண்ணீர் சேம்பு இலையில் உருள்வதுபோல் மணிமணியாக உருண்டு ஓடியது. மறுபடியும் ஊற்றினாள். மறுபடியும் ஓடியது. சன்னல் வெளிச்சத்தில் குழந்தையைத் திருப்பினாள். கன்னத்தில் ஒரு மினுமினுப்பு. அவள் கிள்ளிக் கொஞ்சும் இடம். அக்குளில், அவள் தூக்கும் இடம். தாடையில் ஐந்து விரல்களின் தடம்.

அவள் தொட்ட இடமெல்லாம்.

அவன் உச்சியில் மூக்கை வைத்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை.

ஈரமும் சூடும், என்றான் சிரில். தானா நகர்ந்து போகும், என்றான்.

கன்னத்து மினுமினுப்பின் ஓரம் மெல்ல அசைந்தது. உதட்டை நோக்கி.

“சிரில்,” என்றாள். சிரில் ஆலையில் இருந்தான்.

மோரிஸ் அழ வாயைத் திறந்தான். முகம் சிவந்தது. சத்தம் வரவில்லை. இரண்டு உதடுகளுக்கும் நடுவே மெல்லிய, தெளிந்த ஒரு ஏடு. அது வெளியே உப்பியது. மூன்று நாளாக மாவில் வராத குமிழி. அதற்குள் சன்னல் சின்னதாகத் தெரிந்தது. மழை தெரிந்தது.

பிறகு குமிழி வாய்க்குள்ளே போனது.

கிழிக்க வேண்டும். இப்போதே.

அவளிடம் இருந்தது அந்தக் கை மட்டும்தான். நீட்டினாள். விரல் பட்டதும் ஏடு தடித்தது.