நாயகி எழுதிய ஆட்டக் குறிப்பு

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பூத்தில் பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்தேன். அரிசி களைந்தேன். நாயகியை எழுப்பினேன். ஐந்து நிமிடம் என்றாள். பத்து நிமிடம் கழித்து எழுந்தாள். இரட்டைச் சடை பின்னிவிட்டேன். அவள் அம்மா போனபிறகு, ஒன்றரை வருடமாக நான்தான் பின்னுகிறேன். இடது சடை இன்னும் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது.

பால் பொங்கியது. துணி எடுக்காமல் பாத்திரத்தை இறக்கினேன். வலது கையில் இரண்டு விரல்கள் வெந்துபோயின.

"தண்ணில வைங்கப்பா" என்றாள் நாயகி. வைத்தேன். அவள் விரலைப் பார்த்தாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை.

"இன்னிக்கு மேட்ச். யாரு குறிப்பு எழுதுவாங்க?"

அது 1991ஆம் வருடம். நாயகிக்குப் பத்து வயது. முழுப்பெயர் தையல்நாயகி. நாங்கள் மேற்குத் தாம்பரத்தில், கடப்பேரியில் இருந்தோம். அங்கே ஒரு கால்பந்துக் கழகம் இருந்தது. பெயர் கடப்பேரி நண்பர்கள். ஏழு வருடமாக லீக்கில் முதல் டிவிஷனில் ஆடும் கழகம். அதன் ஆட்டக் குறிப்பை எழுதுவது என் வேலை.

கழகத்தில் ஒரு வழக்கம். ஞாயிறு ஆட்டத்தின் குறிப்பைத் திங்கள் மாலை முனிரத்தினத்தின் சைக்கிள் கடை வாசலில் எல்லோர் முன்னும் படிக்கவேண்டும். குறிப்பில் யார் பெயர் வந்தாலும் அவர் கீழே கையெழுத்துப் போடவேண்டும். தவறு இருந்தால் அங்கேயே சொல்லவேண்டும். முன்பு ஒரு கோலை யார் போட்டது என்று இரண்டு பேர் சண்டை போட்டு, மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த விதி இது.

"நீ எழுதறியா?" என்றேன்.

"என்ன எழுதணும்?"

"மைதானத்துல நடந்தது எல்லாத்தையும் எழுதணும். நடக்காததை எழுதக் கூடாது. அவ்வளவுதான்."

"அது ஈஸி" என்றாள்.

சைக்கிள் கடைப் பலகையில் அன்றைய பதினொரு பெயர்களும் சாக்பீஸால் எழுதப்பட்டிருந்தன. அதன் முன்னால் ஏற்கெனவே சண்டை தொடங்கிவிட்டது.

"இன்னா டீம் இது? ரவிய ஓரத்துல போட்டா கோல் யாரு அடிப்பா, கம்பமா?" என்றான் தயாளன். எலக்ட்ரிக் வேலை செய்பவன். எங்கள் ரசிகர்களிலேயே பெரிய குரல் அவனுடையதுதான்.

"மேனேஜரை மாத்தணும். செங்கல் விக்கிறவரு மண்டையில களிமண்ணுதான் கீது" என்றார் முனிரத்தினம், பங்ச்சர் ஒட்டிக்கொண்டே.

மேனேஜர் துளசிங்கம். செங்கல், மணல் வியாபாரம். அப்போது அவர் அங்கே இல்லை.

"கோல்கீப்பரை முதல்ல மாத்துப்பா. உள்ளூர்ல ஆளா இல்ல?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

கோல்கீப்பர் மாணிக்கவேல். கோவளத்துப் பையன். இருபது வயது. விடியற்காலையில் அம்மாவோடு கேளம்பாக்கம் சந்தையில் மீன் விற்பான். பிறகு பஸ் பிடித்து எங்களுக்கு ஆட வருவான். அவனைப் போலப் பந்து பிடிக்கிறவன் எங்களிடம் வேறு யாரும் இல்லை. எங்கள் இன்னொரு ஆட்டக்காரர் ஏசுபாதம் ஒரு முறை கோலில் நின்றார். ஐந்து கோல் விழுந்தது.

அன்று எங்கள் ஆட்கள் வழக்கம்போல மாணிக்கவேலின் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். நாயகி பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

ஆட்டம் தொடங்கியது. கூச்சலும் தொடங்கியது. நாயகி எழுதினாள். ஒரு பென்சில் மழுங்கியது. இன்னொன்றை எடுத்தாள்.

இரண்டுக்குப் பூஜ்யம். தோற்றோம். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அதில் சமன் செய்தால் முதல் டிவிஷனில் இருப்போம். தோற்றால் இரண்டாம் டிவிஷன்.

மைதானத்து ஓரக் குழாயில் மாணிக்கவேல் முகம் கழுவினான். வெகுநேரம் கழுவினான். பிறகு கையுறைகளைத் துளசிங்கத்திடம் கொடுத்தான்.

"வெச்சுக்குங்க சார். அடுத்த வாரம் வேற ஆளைப் பாருங்க."

"ரெண்டு கோல் வுட்டதுக்காப்பா?"

"கோலுக்கு இல்ல சார்."

துளசிங்கம் கையுறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நாயகி குழாயடியில் பாட்டிலோடு நின்றாள். மாணிக்கவேல் அவளைப் பார்த்துச் சிரித்தான். "எழுதிட்டியா பாப்பா?"

"இன்னும் முடியலைண்ணா" என்றாள் அவள்.

மாலையில் என் பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினாள். மூன்று வருடத்து நோட்டுகள். ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள்.

"கூட்டம் பேசினது ஒண்ணுகூட இதுல இல்லையேப்பா. அப்பெல்லாம் யாரும் திட்டலையா?"

"திட்டினாங்க."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுது."

அவள் பென்சிலைச் சீவிக்கொண்டு நோட்டைத் திறந்தாள்.

திங்கள் மாலை சைக்கிள் கடை வாசலில் முப்பது பேர் இருந்தார்கள். முனிரத்தினத்தின் மனைவி செல்வம்மாளும் கடை உள்ளே இருந்தார். நாயகியை ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினார்கள். அவள் பள்ளியில் பாடம் படிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள்.

"ஐந்தாவது நிமிடம். மாணிக்கவேல் அண்ணா வலப்பக்கம் பாய்ந்து பந்தைப் பிடித்தார். தயாளன் அண்ணா அவரைக் கவிச்சி என்று கூப்பிட்டார்."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

"ஒன்பதாவது நிமிடம். மாணிக்கவேல் அண்ணா பந்தை மேலே தட்டிவிட்டார். முனிரத்தினம் அண்ணா மறுபடியும், மேனேஜர் மண்டையில் களிமண் என்றார்."

முனிரத்தினம் பம்பைக் கையில் எடுத்து, காற்று நிறைந்த டயருக்கே காற்றடிக்கத் தொடங்கினார். உள்ளேயிருந்து செல்வம்மாள் எட்டிப் பார்த்தார். துளசிங்கம் தாடையைத் தடவினார்.

"பரவால்ல. களிமண்ணு இல்லாம செங்கல் ஏது" என்றார்.

நாயகி தொடர்ந்தாள்.

"பதினான்காவது நிமிடம். முதல் கோல் விழுந்தது. தயாளன் அண்ணா, வலையில் மீன் பிடிக்கிறவனுக்குப் பந்து எங்கே பிடிக்க வரும் என்றார். பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அதை எழுதக் கூடாது. அதனால் இங்கே ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்."

"இருபத்திரண்டாவது நிமிடம். மாணிக்கவேல் அண்ணா பந்தைப் பிடித்தார். கட்டம்."

"இருபத்தாறாவது நிமிடம். மாணிக்கவேல் அண்ணா பந்தைப் பிடித்தார். கட்டம், கட்டம்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தெருவில் ஒரு மாட்டு வண்டி போனது. அது போய் முடியும்வரை காத்திருந்து மீண்டும் படித்தாள்.

"ஆட்டம் முடிந்தது. மாணிக்கவேல் அண்ணா ஒன்பது பந்து பிடித்தார். இரண்டு விட்டார். மொத்தம் பதினொரு கட்டம். ஆட்டம் முழுவதும் அப்பா எனக்குப் பின்னால் நின்றார். எல்லாம் அவருக்குக் கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை."

நோட்டை மூடவில்லை. அப்படியே விரித்துப் பிடித்தாள். "பேரு வந்தவங்க கையெழுத்துப் போடணும்" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் பெயர் குறிப்பில் வந்தது அதுதான் முதல் தடவை. வலது கையில் கட்டு இருந்தது. இடது கையால் பென்சிலைப் பிடித்தேன். தட்சிணாமூர்த்தி என்று எழுதி முடிக்க நேரம் ஆனது. எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் போட்டுவிட்டேன்.

அடுத்து முனிரத்தினம் போட்டார். தயாளன் மட்டும் நின்றான்.

"பாப்பா, எம் பேரு வர்ற எடத்தை அடிச்சிடேன்."

"நடக்கலையாண்ணா?"

"நடந்துச்சு. ஆனா சும்மா தமாசுக்குச் சொன்னது. எழுத்துல பாத்தா பேஜாரா கீது."

"அடிக்க முடியாதுண்ணா. நடந்ததை அடிக்கக் கூடாது." கொஞ்சம் யோசித்தாள். "வேணும்னா கீழே அடுத்த வரி எழுதலாம். இடம் இருக்கு."

"இன்னா எழுதுவ?"

"அது நீங்கதான் சொல்லணும்."

தயாளன் தலையைச் சொறிந்தான். தெருவை ஒரு முறை பார்த்தான். "தயாளன் கோவளம் போயி மாணிக்கவேலைக் கூட்டியாந்தான். அப்படின்னு எழுது."

"சரிண்ணா. போயிட்டு வாங்க. நடந்தபிறகு எழுதறேன்."

தயாளன் கையெழுத்துப் போட்டான்.

புதன்கிழமை மாலை நானும் நாயகியும் சைக்கிள் கடையில் இருந்தோம். தயாளன் வந்தபோது முனிரத்தினம் மூக்கைத் தூக்கினார். "இன்னாடா, ஒரு மாதிரி வாசனை?"

"மீன் கூடை தூக்கினேன்ணா. சந்தையிலேருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும். அவங்கம்மா தூக்குன்னாங்க."

"பூவம்மாளா? திட்டினாங்களா?"

"அதுதான் இல்ல." தயாளன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "நாங்க இன்னா சொல்லிக் கூப்பிடறோம்னு அவன் வூட்டுல சொல்லவே இல்ல. மூணு வருஷமா சொல்லல. யாருன்னு அவங்கம்மா கேட்டாங்க. எங்க தாம்பரத்து ஃப்ரெண்டும்மான்னுட்டான். உடனே வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சோறு போட்டாங்க. வஞ்சிரம். எனக்கு எறங்கல."

முனிரத்தினம் கையிலிருந்த பம்பைக் கீழே வைத்தார்.

"சாப்பிடலையாண்ணா?" என்றாள் நாயகி.

"சாப்ட்டேன். நாலு துண்டு." அவன் குனிந்துகொண்டே சொன்னான். "வெளிய வந்து அவன்கிட்ட மன்னிச்சுக்கடான்னேன். வர்றேன்னான். ஆனா ஒண்ணு சொன்னான். இந்த மேட்சுக்கும் பாப்பாதான் எழுதணுமாம்."

நாயகி நோட்டை எடுத்தாள். அடுத்த வரியை எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. மாணிக்கவேல் கோலில் வந்து நின்றான். பின்னால் அதே ஆட்கள். நடுவில் நாயகி, அவள் மடியில் நோட்டு.

முதல் பத்து நிமிடம் எங்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. திட்டாமல் எப்படிக் கத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. வாயைத் திறப்பார்கள். நோட்டைப் பார்ப்பார்கள். மூடிக்கொள்வார்கள்.

கடைசியில் முனிரத்தினம் எழுந்து கத்தினார். "நன்றாகப் பிடித்தீர்கள், மாணிக்கவேல் அவர்களே."

மைதானமே சிரித்தது. மாணிக்கவேலும் சிரித்தான். அதற்குப் பிறகு சத்தத்துக்குக் குறைவில்லை. துளசிங்கத்தைக்கூட விடவில்லை. "மேனேஜர் சார், தயவுசெஞ்சு ரவிய நடுவுல போடுங்க சார்" என்றார்கள். அவரும் கடைசியில் போட்டார்.

முப்பதாவது நிமிடம் பந்து மாணிக்கவேலின் கையில் பட்டு நழுவி உள்ளே போனது. எளிதான பந்து. அவன் தவறுதான்.

மாணிக்கவேல் வலையிலிருந்து பந்தை எடுத்தான். எங்கள் பக்கம் திரும்பவில்லை. தோள்கள் மேலேறி இருந்தன. என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும்.

தயாளன் எழுந்தான். நான் அவன் வாயைப் பார்த்தேன். இந்த முறை நானும் வாயைத் திறக்கத் தயாராக நின்றேன்.

"போனா போவுதுடா மாணிக்கம். அடுத்ததப் புடி" என்று கத்தினான்.

"அடுத்ததைப் பிடிப்பா" என்று நானும் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நாயகி ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

மாணிக்கவேலின் தோள்கள் இறங்கின. அதற்குப் பிறகு வந்த ஆறு பந்துகளையும் பிடித்தான். கடைசியை ஒற்றைக் கையால் பிடித்து, அப்படியே நடுமைதானத்துக்கு வீசினான். அந்தப் பந்து ரவியின் காலுக்குப் போனது. ரவி இரண்டு பேரைத் தாண்டி உள்ளே தள்ளினான்.

ஒன்றுக்கு ஒன்று. எட்டாவது வருடமும் முதல் டிவிஷன்.

மாணிக்கவேலைத் தூக்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடு வரை போனார்கள். தயாளன் முன்னால் நடந்து வழி விலக்கினான். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் யார் இவர் என்று கேட்டார்கள். "எங்க கோல்கீப்பர்" என்றான் ஒவ்வொருவரிடமும். கேட்காதவர்களிடமும் சொன்னான்.

திங்கள் மாலை நாயகி குறிப்பைப் படித்தாள். ஒரு கட்டம்கூட இல்லை. மாணிக்கவேல் வந்திருந்து கையெழுத்துப் போட்டான். தயாளன் தன் பெயருக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தான். நான் வலது கையால் போட்டேன். எழுத்து நேராக இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது நாயகி என் கையைப் பிடித்துத் திருப்பி, விரல்களைப் பார்த்தாள். புண் ஆறிவிட்டது. நோட்டை என்னிடம் நீட்டினாள்.

"இனிமே நீங்களே எழுதுங்க. எல்லாத்தையும் எழுதணும்பா."