ஒருக்களித்துப் படுத்தவர்கள்

அத்தையை யாரோ ஏற்கெனவே திருப்பிப் படுக்க வைத்திருந்தார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து அந்த முதியோர் இல்லமே கண்ணயரும் நேரம். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. சன்னல்களைச் சாத்திவிட்டதால் பெண்கள் கூடத்துக்குள் பீனாயிலும் காயாத துணியும் மருந்தும் கலந்த வாசனை தேங்கி நிற்க, குறட்டைகளுக்கு நடுவே மின்விசிறி ஒன்று டொக் டொக்கென்று தட்டியபடி சுற்றியது. நர்ஸ் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். இடப்பக்கமாக அவள் படுக்க வைத்துவிட்டுப் போன அத்தை, இப்போது வலப்பக்கமாக ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகுக்கு முட்டாக ஒரு தலையணை. முழங்கால்களுக்கு நடுவே மடித்த போர்வை. குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி சுருட்டி வைத்த துண்டு. பயிற்சி பெற்ற கைதான் அப்படிச் செய்யும். அந்தக் கூடத்தில் பயிற்சி பெற்ற கை அவளுடையது மட்டும்தான்.

"ஆயாக்கா, அத்தையை நீங்களா திருப்பினீங்க?"

துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த ஆயா நிமிரவே இல்லை. "நானா? என் இடுப்பு இருக்கிற இருப்புக்கு என்னைத் திருப்பவே ரெண்டு ஆள் வேணும், சிஸ்டர்."

தாயில்லாத நர்ஸை வளர்த்து ஆளாக்கியவள் அத்தை. பக்கவாதம் வந்து வாய் கோணிய பிறகும் பேச்சு மட்டும் குறையாதவள். அத்தைக்கு ஒரு கட்டில் தருவதானால் வருகிறேன் என்று சொல்லித்தான் அவள் இந்த வேலையில் சேர்ந்தாள். வந்த கையோடு ஒரு ஒழுங்கும் கொண்டுவந்தாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும், வந்தால் ஆளைத் தின்றுவிட்டுத்தான் ஓயும். எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். செய்வதற்கு ஒருத்தர் வரவில்லை. தனியாளாக மாடாய் உழைத்தாள்.

அன்றிலிருந்து அந்த வேலையில் பாதியை யாரோ செய்துவந்தார்கள். அவள் போகும்போது இவர் திரும்பியிருப்பார், அவர் திரும்பியிருப்பார். சிவந்திருந்த முதுகுகள் தெளிந்தன. டாக்டர்கூட, "என்ன மாயம் பண்றீங்க, சிஸ்டர்?" என்று சிரித்தார். அவள் துருவிக் கேட்கவில்லை. சுமை குறைந்தால் வேண்டாம் என்பார்களா யாராவது?

ஆனால் அத்தை ஒரு நாள் முகத்தைச் சுளித்தாள். "கையைத் துடைச்சுட்டு வந்து தொடக் கூடாதா, பாப்பா? ஈரமா, ஐஸ் மாதிரி இருக்கு."

அவள் அப்போதுதான் கூடத்துக்குள் நுழைந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வாசனை. இனிப்பும் அழுகலும் கலந்த, புண் முற்றிய வாசனை. நர்ஸின் மூக்கு அதில் ஏமாறாது. ஒவ்வொரு முதுகாகப் பார்த்தாள். எல்லாம் சுத்தம். கடைசி முதுகைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அவள் கை படாமல் திரும்பியவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார்கள். மூலைக் கட்டிலைப் பார்த்தபடி. அதில் யாரும் இல்லை. ரப்பர் விரிப்பு மட்டும் இருந்தது, நடுவில் லேசாகக் குழிந்து.

"அந்தக் கட்டில் கால் ஆடுது, அதான் யாரையும் போடலைன்னுதானே சொன்னீங்க, ஆயாக்கா?"

ஆயா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீங்க வர்றதுக்கு முந்தி அங்க ஒரு அம்மா கிடந்தாங்க. அவங்களும் நர்ஸா இருந்தவங்கதான். திருப்பிப் போடுங்கம்மா, திருப்பிப் போடுங்கம்மான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. ஆள் பத்தலை, சிஸ்டர். யாரும் போகலை. போய்ச் சேர்ந்த அன்னிக்குத் தூக்கினோம். முதுகே இல்லை." சொல்லிவிட்டு டீ போட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். போனவள் வெகு நேரம் வரவில்லை.

மழை வலுத்தது. பகலிலேயே கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கோ மூச்சு அடைக்கும் சத்தம். ஈரத்துணியை வாயில் வைத்து உறிஞ்சுவது போல.

அத்தை.

குப்புறக் கிடந்தாள். முகம் தலையணைக்குள் புதைந்திருந்தது. நர்ஸ் ஓடிப்போய்ப் புரட்டினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. முதுகைத் தட்டினாள், தேய்த்தாள், அத்தை அத்தை என்று அரற்றினாள். மூச்சு கேவிக்கொண்டு திரும்பி வந்தது.

"அவளுக்குக் கோபம், பாப்பா." அத்தையின் குரல் கிழிந்திருந்தது. "எல்லாருக்கும் நான் செய்யறேனே, எனக்கு யாரு செய்வாங்கறா. மறுபடி வர்றேன்னுட்டுப் போயிருக்கா."

அத்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றால் எங்கே போவது? இந்தக் கட்டிலை விட்டால் அத்தைக்குப் போக்கிடம் கிடையாது. அவளுக்கு அத்தையை விட்டால் வேறு நாதி கிடையாது. நர்ஸ் கீழே விழுந்திருந்த தலையணையை எடுத்துக்கொண்டாள். மூலைக்கு நடந்தாள். மின்விசிறி நின்றிருந்தது. குறட்டைகளும் நின்றிருந்தன. அத்தனை கண்களும் திறந்திருந்தன.

ரப்பர் விரிப்பில் எதுவும் இல்லை. அந்த வாசனை மட்டும்.

"திருப்பறேம்மா," என்றாள், எல்லாரிடமும் சொல்வதைப் போலவே. "பயப்படாதீங்க."

கைகள் பழகியபடி போயின. ஒன்று தோள் இருக்க வேண்டிய இடத்துக்கு. ஒன்று இடுப்பு இருக்க வேண்டிய இடத்துக்கு.

எடை இருந்தது.

இழுத்தாள். கட்டில் முனகியது. எடை அவள் பக்கமாக உருண்டு வந்து வயிற்றில் சாய்ந்தது. ஜில்லென்று. ஈரமாக. முதுகுக்கு முட்டாகத் தலையணையைச் செருகினாள். போனது. இன்னும் போனது. தலையணையோடு கையும் போனது. மணிக்கட்டு வரை. முழங்கை வரை. தடுத்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

கையை இழுத்தாள். வரவில்லை.

அவளுக்குப் பின்னால் ஒரு கட்டில் கிறீச்சிட்டது. அடுத்து இன்னொன்று. தானாகத் திரும்ப முடியாத அவர்கள், ஒவ்வொருவராக, அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

கடைசியாகத் திரும்பியது அத்தை.