நல்ல சேதி ஒவ்வாத ரத்தம்

குருதிக்கணி இரண்டாவது முறையும் பல்டி அடித்தது. யாழினிக்குத் தலை சுற்றியது.

அவள் கணவன் கவின்குமாரின் இதயத் தசையில் பாதி செத்துப் போயிருந்தது. அவன் உடலிலிருந்தே எடுத்து வளர்த்த விதையணுக்களை அங்கே ஊன்ற வேண்டும். எல்லா இதயத்திலும் அவை வேர் பிடிப்பதில்லை. யாருக்குப் பிடிக்கும் என்பதை, ரத்தத்தில் ஓடும் சில புரதங்களை வைத்து முன்கூட்டியே சொல்வதுதான் குருதிக்கணியின் வேலை. முதல் சோதனையில் 'பிடிக்கும்' என்றது. மறுவாரம் ஊன்றப் போகும் நேரத்தில் 'பிடிக்காது' என்றது. அதை அவனிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு ஒருநாள் சும்மா சோதித்துப் பார்த்தால் மறுபடியும் 'பிடிக்கும்' என்கிறது.

"மெஷின் கெட்டுப் போச்சுங்களா?"

"மெஷின் சரியாத்தாம்மா இருக்கு," என்றார் டாக்டர் ஜோவிதா. "பொழச்சுக்குவீங்கன்னு சொன்னதும் உங்க வீட்டுக்காரர் என்ன பண்ணுனாரு?"

யாழினி யோசித்தாள். மகள் கல்யாணம், மொட்டை மாடியில் போட வேண்டிய அறை, அண்ணனோடு இருக்கும் வரப்புத் தகராறு என்று ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு அன்றே புலம்ப ஆரம்பித்தான். பிழைப்பது கஷ்டம் என்றதும், அண்ணனுக்கு போன் போட்டு வரப்பை நீயே வைத்துக்கொள் என்றுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினான்.

"கவலை ரத்தத்துல ஏறுனா அணு வேர் பிடிக்காது. இவருக்கு நம்பிக்கை வந்தாத்தான் கவலையே வருது." டாக்டர் சற்றுத் தயங்கினார். "பலிக்காதுன்னு சொல்லியே ஊன்றிடலாம். வேர் இறுக ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க."

பலிக்காவிட்டாலும் வளர்த்த அணுக்களை ஊன்றிப் பார்க்கலாம், ஆராய்ச்சிக்காவது உதவட்டுமே என்று டாக்டர் கேட்டபோது, கவின்குமார் சிரித்துக்கொண்டே சம்மதித்தான்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில், செடிகளுக்குத் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறியவன் திகைத்து நின்றான்.

"யாழினி, மூச்சே வாங்கல பாரேன். ஒருவேளை பொழச்சுக்குவனோ?" அவன் கண் மாடியை அளந்தது. "அப்படின்னா இங்க ஒரு ரூம் போடோணும். அண்ணங்கிட்ட அந்த வரப்பையும்..."

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. அவன் மணிக்கட்டுப் பட்டை ரத்தத்தைச் சோதித்து நிலவரம் அனுப்புவது அதற்குத்தான். பச்சை மஞ்சளாகி, சிவப்பை எட்டப் பார்த்தது.

"ஆசைப்படாதீங்க மாமா. டாக்டரம்மா நேத்துக்கூடக் கையை விரிச்சுட்டாங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். இதயம் அருமையாகத் துளிர்த்திருக்கிறது என்றுதான் டாக்டர் நேற்றுச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாத அழுகை அது.

போன் பச்சைக்குத் திரும்பியது. கவின்குமார் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தான். "அழுவாத. எனக்கொண்ணும் வருத்தமில்ல." பிறகு அவள் முகத்தையே பார்த்தான். "நான் போயிட்டா நீ தனியா என்ன பண்ணுவியோ, அதுதான்..."

மறுபடியும் மஞ்சள்.

எதைச் சொன்னாலும் வம்பாக இருந்தது. இந்த மனிதன் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டாத நாளில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க நிம்மதியாப் போங்க மாமா. நான் நல்லாவே இருந்துக்குவேன்."

போன் பச்சையானது.