பின் இடது சக்கரம்

எண் தப்பாக இருந்தது. காயத்ரி தரையில் பதித்திருந்த எடை மேடையைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே எண்தான். அண்ணாகிராமத்து முந்திரிக் குடோன் ஒன்றில் கழித்துப்போட்ட நாலு எடை மேடைகளை வாங்கிவந்து, செம்மண்டலத்து ஷெட்டில் குழி வெட்டிப் பதித்து வைத்திருந்தார்கள், சக்கரத்துக்கு ஒன்றாக. பழைய காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்துக் கொடுக்கிற தொழிலில் எடைதான் காருடைய ஜாதகம். வெள்ளிக்கிழமை அவள் ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீமுஷ்ணம் கிளம்பியபோது அந்த வெள்ளை அம்பாசிடரின் எடை சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து பார்த்தால் அறுபத்தெட்டு கிலோ ஜாஸ்தி, அதிலும் பெரும்பங்கு பின் இடது சக்கரத்தில். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டது அவள், எடை போட்டது காரா?

அந்த இரண்டு நாளும் காரோடு இருந்தவர் தேவநாதன் மாமா ஒருத்தர்தான். அக்கா புஷ்பவள்ளியின் கணவர், முப்பது வருஷமாக மெக்கானிக். மோட்டாரும் பேட்டரியும் காயத்ரியின் பொறுப்பு, மற்றதெல்லாம் அவருடையது. அக்கா வீட்டு மாடியில்தான் அவள் இருந்தாள். ஷெட் வாசலில் நின்று பார்த்தால் தெருக்கோடியில் அந்த வீடு தெரியும்.

"சனிக்கெழம வண்டிய எடுத்தீங்களா மாமா?"

"மொத ஓட்டம் பாக்கணும்ல? பின் இடது கதவு சரியாச் சாத்தாம இருந்துச்சு, தொறந்து அறைஞ்சு சாத்திட்டு ஆலப்பாக்கம் வரைக்கும் போயிட்டு வந்தேன். தண்ணி மாதிரி போவுது."

"கூட யாராவது ஏறுனாங்களா?"

"நான் ஒருத்தன்தான். ஏன்?"

"சும்மாத்தான்."

சும்மா ஒன்றும் இல்லை. அவர் டீ குடிக்கப் போனதும் வலது கதவைத் திறந்து பின்சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். இந்தப் பக்கத்தில் காரில் கள்ளத்தனமாக எடை ஏறினால் முதலில் நினைவுக்கு வருவது பாண்டிச்சேரி பாட்டில்தான். பாட்டிலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கதவுக்குள்ளும் தட்டிப் பார்த்தாள், காலி. மூடியே கிடந்த காருக்குள் நீலகிரித் தைலத்தின் வாடை மட்டும் நின்றது. மாமா தைலம் தேய்க்கிற ஆள் இல்லை.

அப்படியானால் பேட்டரிதான். புது பேட்டரியை எடுத்துவிட்டு, வேறெங்கோ கழித்த பழையதை அந்தப் பெட்டிக்குள் வைத்தால் எடை கூடும், ஓட்டம் குறையும். சனிக்கிழமை செலவான சார்ஜைப் பார்த்தால் ஓட்டமும் குறைந்துதான் இருந்தது. பெட்டியில் அவள் வைத்த சீல் அப்படியே இருக்கிறது, ஆனால் மாமாவுக்குச் சீல் வைக்கத் தெரியாதா என்ன? பழைய பேட்டரி சூடேறினால் வண்டி நிமிஷத்தில் பற்றிக்கொள்ளும், உள்ளே இருக்கிறவர்கள் கதவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவரிடம் நேராகக் கேட்டுவிடலாம். ஆனால் கேட்டது தப்பு என்று ஆகிவிட்டால் அக்கா வீட்டுப் படி இனி ஏற முடியாது. தப்பில்லை என்று ஆனால் அக்காவின் வாழ்க்கையே போச்சு. பெட்டியை இறக்கிப் பார்க்க இரண்டு ஆள் வேண்டும், அந்த இரண்டாவது ஆள் மாமாவே.

கார் வந்த நாளையும் அவள் மனசு சந்தேகத்தோடு புரட்டத் தொடங்கியது. சிதம்பரத்தில் சௌந்தரம் என்ற அம்மாவின் கார் அது, கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டிரைவர் அந்தோணிசாமி ஓட்டிக்கொண்டு வந்தார். எஞ்சினை அணைத்தார். அது உலுக்கி, இருமி, முழுசாக அடங்கும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார். அப்புறம் இறங்கி வந்து, பின் இடது கதவைத் திறந்து, முதலாளி இறங்குவதற்கு நிற்பதுபோல் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றுவிட்டு மூடினார். உள்ளே ஒருவரும் இல்லை.

"யாருக்குண்ணே கதவத் தொறக்குறீங்க?"

"பழக்கம்மா," என்றார் அவர். சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க அவசரமாகப் போனார். டீ வேண்டுமா என்று கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை காயத்ரி சௌந்தரத்துக்குப் போன் செய்தாள். இந்தத் தொழிலில் வண்டி முடிந்ததா முடிந்ததா என்று கஸ்டமர்தான் உயிரை வாங்குவார்கள். இந்த அம்மா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"வண்டி ஏறக்குறைய ரெடிம்மா. ஒரு சின்ன வேலதான் பாக்கி."

"அவசரமில்லம்மா. அங்கயே இருக்கட்டும்." அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சத்தம் சுத்தமா நின்னுபோச்சா?"

"எஞ்சினே இல்லியேம்மா. ஓடுறதே தெரியாது."

"அப்ப உள்ள ஒக்காந்திருக்குறவங்களுக்கு வண்டி நின்னது எப்பிடித் தெரியும்?"

"கண்ணால பாத்தா தெரியுமேம்மா."

"அவருக்குக் கண்ணு தெரிஞ்சாத்தானே," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனை வைத்துவிட்டார். வயசானவர்கள் பேச்சு என்று காயத்ரி தள்ளிவிட்டாள். ஆனாலும் அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து மழை. கடல் பக்கமிருந்து வந்த காற்று ஷெட்டின் தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது, ஈரச் சாக்கும் கிரீஸும் கலந்த நாற்றத்தின்மேல் அந்தத் தைல வாடை ஒரு இழையாக ஏறி நின்றது, மாமா ஏதோ சாமான் வாங்க மஞ்சக்குப்பம் போயிருந்தார், காயத்ரி சார்ஜ் கேபிளைச் சுற்றியபடி எடை மேடையின் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரைச் சத்தத்தின் அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தவர் தொடையை மாற்றி வைக்கும்போது ரெக்சின் சீட் போடுகிற சத்தம் அது.

பின் இடது சக்கரத்தின் எண் குறைந்தது.

முன் இடது சக்கரத்தின் எண் கூடியது. அதே அளவு.

மேடையில் ஈரம் இறங்கியிருக்கும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே எழுந்தாள். அப்படித்தான் ஏறும், பின்சீட்டில் இருப்பவர் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தால். வண்டி நின்றுவிட்டதா என்று காது கொடுத்தால். கண்ணாடிக்குள் யாரும் இல்லை. எண்கள் பழையபடி ஆயின. யாரோ சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

அவள் மழையில் தெருவில் போய் நின்றாள். பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே இருக்க முடியாது என்பதால் கோபப்பட்டாள். இது மாமாவின் வேலை. அடியில் ஏதோ வைத்திருக்கிறார், அது நகருகிறது. வேறு என்ன இருக்க முடியும்?

விளக்கு வைக்கிற நேரத்தில் மாமா பைக்கில் வந்தார். பேட்டரி வண்டி செய்கிற ஷெட்டில் அவர் ஒருத்தர்தான் இன்னும் பெட்ரோலில் ஓடுகிறவர், அந்தக் கேலியெல்லாம் அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை.

"பேட்டரிய மாத்துனீங்களா மாமா?"

அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். துண்டு அப்படியே நின்றது. "யாரப் பாத்து என்ன கேக்குற?"

"அறுவத்தெட்டு கிலோ எங்கேர்ந்து வந்துச்சு? ரெண்டு நாளு நீங்கதான வண்டியோட இருந்தீங்க?"

மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். முகம் மட்டும் சுருங்கிப்போனது.

"மேடைதான் பொய் சொல்லுது. முந்திரி மூட்டை போட்ட மேடை, ஒரு கிலோ ரெண்டு கிலோ நின்னு காட்டுமா? என் எடை எழுவத்திரெண்டு. அந்தச் சக்கரத்து மேல நான் ஒக்கார்றேன், சரியாக் காட்டுதான்னு நீயே பாரு."

சரியென்று நின்றாள். அந்த ஒரு நிமிஷம் அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமையிலிருந்து யாரும் திறக்காத பின் இடது கதவைத் திறந்து, மாமா உள்ளே உட்கார்ந்தார். "இங்க என்ன இப்பிடிச் சில்லுனு இருக்கு," என்றார். நாலு மேடையிலும் சேர்த்து எழுபத்திரண்டு ஏறியது. மேடையில் பொய்யில்லை. அவர் இறங்கினார். எழுபத்திரண்டு இறங்கியது. கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒதுங்கி நின்றார்.

"பாத்தியா? இப்ப திருப்தியா?"

காயத்ரி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரின் பின்பக்க ஸ்பிரிங் பட்டை கிறீச்சிட்டது. இடது பக்கம் மெதுவாக எழும்பியது. எண் இறங்கியது. இறங்கிக்கொண்டே போய் வெள்ளிக்கிழமை இருந்த இடத்தில் நின்றது.

அறுபத்தெட்டு கிலோவும் இறங்கிவிட்டது. மாமா கதவைச் சாத்தினார்.

"மாமா, இங்கேயே இருங்க. போவாதீங்க."

"இன்னும் என்ன சோதன பண்ணணும்? சட்டையக் கழட்டட்டுமா?" அவர் கண் கலங்கியிருந்தது. போனை எடுத்து அக்காவிடம், "உன் தங்கச்சி என்னத் திருடன்னுட்டா, வீட்டுக்கு வர்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார்.

காயத்ரி வாசலுக்கு ஓடினாள். காருக்குள் இப்போது தைல வாடை இல்லை. அது மாமா போன வழியில் இருந்தது. பைக்கின் பின்சக்கரம் பிதுங்கியிருந்தது, இரண்டு ஆள் போகிற வண்டியைப் போல. தெருவிளக்கின் கீழே கடக்கும்போது பார்த்தாள். நனைந்த சட்டை மாமாவின் இடது தோளில் கொத்தாகச் சுருங்கி இருந்தது. பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கியது. சுருக்கம் இன்னும் இறுகியது.

அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். தெருக்கோடியில் அக்கா கேட்டுக்கு வெளியே குடையோடு காத்து நிற்பது தெரிந்தது.

"அக்கா, மாமா வர்றதுக்குள்ள உள்ள போயிக் கதவச் சாத்திக்க."

"எதுக்குடி? அவரத் திருடன்னு சொன்னது பத்தாதா, வீட்டு வாசல்லயும் நிக்க வெக்கணுமா?"

"அக்கா, அவரு தனியா வரல."

"ஒருத்தர்தான் வர்றாரு, எனக்குக் கண்ணு தெரியுது. நல்லவேள, பாப்பா உள்ள டிவி பாத்துட்டு இருக்கா. அவ எதிர்ல உன் பஞ்சாயத்து வேணாம்." போன் அறுந்தது.

காயத்ரி ஓடினாள். ஈரச் சேலை காலைச் சுற்றியது. மாமா கேட்டருகே நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். அது உலுக்கியது. இருமியது. முழுசாக அடங்கியது.

மாமா இன்னும் இறங்கவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடி முகத்து மழையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டியின் பின்பக்கம் மெல்ல எழும்பியது.

அக்கா ஓர் அடி ஒதுங்கினாள். வீட்டுக்கு வருகிற பெரியவர்களுக்கு வழி விடும்போது செய்வதுபோல் முந்தானையைத் தோளில் இழுத்துக்கொண்டாள். பிறகு, ஏன் ஒதுங்கினோம் என்று புரியாமல் மாமாவைப் பார்த்தாள்.

திறந்த வாசலிலிருந்து தெருவில் விழுந்த வெளிச்சம் ஓர் ஆள் அகலத்துக்கு மறைந்தது. மறுபடி வந்தது.

வாசற்கதவு உள்ளிருந்து மெதுவாகச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெரு நடுவில் நின்ற காயத்ரிக்குக்கூடக் கேட்டது. மாமா வெளியே இருந்தார். அக்கா வெளியே இருந்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் நாலு வயசு மகள் வினோதினி யாரிடமோ, "அப்பா வெளிய இருக்காரு, ஒக்காருங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.