கசிகிறதா பார்

பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த பன்றி இதயங்களுள் ஒன்று மட்டும் குளிர்ந்திருக்கவில்லை. மற்றவை கல்லைப் போல் விறைத்துக் கிடக்க, அது மட்டும் சற்றுமுன் வரை யாரோ உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாற்போல் வெதுவெதுப்பாக இருந்ததை, அறுவைச் சிகிச்சைப் பேராசிரியை கையுறையையும் மீறி உணர்ந்தாள். அதன்மீதிருந்த கொழுப்பு விரலில் பிசுபிசுவென்று ஒட்டி, இழையாய் நீண்டு, அறுந்தது. திரிந்த பாலின் புளிப்பும் இரத்தக் கவிச்சியும் கலந்த நெடி முகக்கவசத்துக்குள் புகுந்து நாக்கின் அடியில் தங்கிற்று. எத்தனையோ ஆண்டுகளாக மார்பைப் பிளந்து பழகியவள், அன்று முகக்கவசத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்த இதயம் 'கோணியூசி'யின் தட்டுக்குப் போயிற்று. சாக்குத் தைப்பவனைப் போல் தைக்கிறான் என்று உடன் பயில்வோர் அம்மாணவனுக்கு இட்ட பெயர் அது.

"பாத்துத் தைடா, அரிசி கொட்டிடப் போகுது," என்றாள் அடுத்த மேசைப் பெண்.

இடப்பக்க அறையைத் திறப்பது, வால்வின் இதழ்களைச் சேர்த்துத் தைப்பது, பிறகு உள்ளே தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது: இவையே அன்றைய பாடம்.

"தண்ணி நின்னா நோயாளி பொழைச்சான். கசிஞ்சா பிரிச்சிட்டு மறுபடி தைக்கணும், அவ்வளவுதான்," என்றாள் பேராசிரியை.

"மேடம், இதுல யாரோ ஏற்கெனவே தைச்சிருக்காங்க," என்றான் கோணியூசி.

அவள் குனிந்து பார்த்தாள். இதழின் ஓரத்தில் நீலநூல். கடைசி முடிச்சு இடப்புறமாகத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அது அவள் ஒருத்திக்கே உரிய பழக்கம். போன வகுப்பில் தைத்துக் காட்டிய இதயத்தை ஆய்வகப் பணியாளர் கலந்துவிட்டார் போலும் என்று எண்ணினாள்.

"நான் தைச்சுக் காட்டினதுதான். வெட்டி எடுத்துட்டு நீ தை."

கத்தரி நறுக்கென்றது. இதழ்களுக்கிடையிலிருந்து பழுப்பு நிறக் கட்டியொன்று வழுக்கித் தட்டில் விழுந்து, கொழகொழவென்று பரந்தது. அவன் கறுப்பு நூலால் கோணல்மாணலாகத் தைத்து முடித்துத் தண்ணீரை ஊற்றினான். இளஞ்சிவப்பாய்க் கசிந்தது. வகுப்பே சிரித்தது.

கைகழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வகுப்பில் கறுப்பு நூலைத் தவிர வேறு கொடுப்பதில்லை. நீலநூல் அறுவைக்கூடத்துக்கு உரியது. கடைசியாக அதை அவள் எடுத்தது போன மாதம். உறவினர்மீது கத்தி வைக்கலாகாது என்னும் வழக்கத்தை மீறி, வேறெவர் கையையும் நம்பாமல், கணவருடைய வால்வைத் தானே தைத்தாள்.

சோப்பு நுரையோடு தொலைபேசியை எடுத்தாள்.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. தாகந்தான் அடங்க மாட்டேங்குது," என்றார் கணவர். பேச்சினூடே மடக்கு மடக்கென்று விழுங்கும் ஓசை.

அவள் வீட்டை அடைந்தபோது வெயில் இன்னும் சன்னலில் இருந்தது. கதவு சாத்தப்படவில்லை. நடையிலேயே அந்த நெடி எதிர்கொண்டது: திரிந்த பால், கவிச்சி. எங்கோ தண்ணீர் ஓசை கேட்டது; அடுக்களையில் குழாய் திறந்து கிடக்கிறதென்று எண்ணிப் போய்ப் பார்த்தாள். குழாய் மூடியிருந்தது.

ஓசை கூடத்திலிருந்து வந்தது.

சொட்டு. சொட்டு.

கணவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். காலடியில் காலிக் குடங்கள். கையில் குவளை. குடித்தார். மறுபடி குடித்தார். சட்டையின் முன்புறம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தரையில் இளஞ்சிவப்பு.

பொத்தான்களைக் கழற்றினாள். விரல் வழுக்கியது. ஆறிப்போயிருந்த தழும்பு இல்லை. அவ்விடத்தில் கறுப்பு நூல். கோணல்மாணல். சாக்கின் வாயைத் தைத்தாற்போல.

காதை வைத்துக் கேட்டாள். துடிப்பு இல்லை. களக், களக் என்று தண்ணீர் அலைந்தது.

"கசியுது, பாத்தியா?" என்றார் அவர், வாஞ்சையோடு. "பிரிச்சிட்டு மறுபடி தைக்கணும், அவ்வளவுதான்."

குவளையை நிரப்பச் சொல்லி அவளிடம் ஒரு கையை நீட்டிக்கொண்டே, மறுகையின் நகத்தால் நூலின் நுனியைப் பற்றி இழுக்கலானார். தையல் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. மார்பு மெல்ல வாயைத் திறந்தது. உள்ளே, இதயம் இருக்கவேண்டிய இடத்தில், இளஞ்சிவப்புத் தண்ணீர் விளிம்புவரை நின்று தளும்பிக்கொண்டிருந்தது.