இருபத்திரண்டு வீட்டுப் பால்

பதினாறாம் நம்பர் வீட்டு அடுப்பில் சாம்பல் சுட்டது.

விளக்குக் கண்ணாடியைத் துடைக்க ஒரு சிட்டிகை சாம்பல் எடுக்கலாமென்று விரலை விட்ட நாச்சம்மாள், வெடுக்கென்று கையை இழுத்து முந்தானையில் பொத்திக்கொண்டாள். ஆள் இல்லாத வீடு அது. வைகாசியில் ஒரே ஒரு நாள் உழக்குப் பால் காய்ச்சியதோடு சரி, அதற்குப் பிறகு அந்த அடுப்பில் ஒரு சுள்ளிகூட எரிந்ததில்லை. இப்போது ஆடி பிறந்து ஒரு வாரம். வெளியே கணவாய்க் காற்று கரும்பனை ஓலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, தூரத்தில் யாரோ முறத்தில் சோளம் புடைத்துக்கொண்டே இருப்பதுபோல ஓயாமல் சலசலத்தது. உள்ளே, புதுச் சுண்ணாம்பு வாசனைக்கு அடியில், கடுகு தாளித்த வாசனை மெல்லிசாகக் கிடந்தது.

பூனை படுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பூனை கடுகு தாளிக்காது. அதை மட்டும் அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. விளக்கை ஏற்றி ஜன்னலில் வைத்துவிட்டுப் பதினேழாம் நம்பருக்கு நடந்தாள்.

கரட்டுமேட்டுக் காலனியில் மொத்தம் இருபத்திநாலு வீடு. டவுனுக்கு இந்தப் பக்கம் நாலு மைல் தள்ளி, பொள்ளாச்சி ரோட்டை ஒட்டி, கல்லுக்காட்டைச் சமன் பண்ணி எழுபத்திரண்டில் நகரசபைக்காரர்கள் கட்டினது. எல்லாம் ஒரே அச்சு. முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, ஓட்டுக்கூரை, பச்சை ஜன்னல். வாடகைக்காரனெல்லாம் சொந்த வீட்டுக்காரன் ஆகிவிடுவான் என்று மைக் வைத்துச் சொன்னார்கள். இரண்டு வருஷத்தில் வந்தது இரண்டே குடி. ஒண்ணாம் நம்பரில் பலசரக்குக் கடை போட்ட பாவாவும் அவர் பெண்சாதி பீவியும். ஏழாம் நம்பரில் நாச்சம்மாளும் அவள் புருஷன் ரத்தினசாமியும். மீதி இருபத்திரண்டும் பூட்டிக் கிடந்தன. ஆள் இல்லாத இடம் என்பதாலேயே ஆள் வரவில்லை. வாங்கலாமென்று பார்க்க வந்தவர்கள், வரிசையாகப் பூட்டின கதவுகளைக் கண்டதும் திரும்புகிற பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே போனார்கள்.

நகரசபை ஓவர்சியர் பழனிச்சாமிதான் அதற்கு ஒரு யோசனையோடு நாச்சம்மாளிடம் வந்தார்.

“ஏனம்மிணி, பொண்ணு பாக்க வரும்போது பொண்ணை மூஞ்சி கழுவாம உக்கார வெப்பாங்களா? ஊடும் அப்படித்தான். சாயங்காலமானா எல்லா ஊட்டுலயும் வெளக்கு எரியோணும். வாசல்ல கோலம் இருக்கோணும். கொடியில நாலு துணி ஆடோணும். பஸ்ஸுல போறவன் பாத்துட்டு, நமக்கு எடமில்லாம போயிருமோன்னு பதறோணும்.”

“இல்லாத ஆளை இருக்கறாப்புல காட்டச் சொல்றீங்களா?”

“வரப்போற ஆளுக்கு முன்னாடியே வெளக்கு வெக்கச் சொல்றேன். மலையாளக் கணக்குக்குச் சிங்கமாசம் ஒண்ணாந் தேதி, நம்ம ஆவணி ஒண்ணு, ஊடு வாங்கறவங்களைக் கூட்டிக்கிட்டு கவுன்சிலருக வர்றாங்க. அன்னைக்குப் பாதி ஊடாச்சும் போகலீன்னா காலனியே வேண்டாம்னு எழுதிப்போடுவாங்க. உங்க ஏழாம் நம்பரையும் சேத்தித்தான்.”

அது ரத்தினசாமி தன் அண்ணன்மாருக்குப் பங்கு பூமியை விட்டுக்கொடுத்து, அந்தப் பணத்தில் வாங்கின வீடு. திரும்பிப் போனால் உட்கார அங்கே ஒரு வரப்புகூட இல்லை.

“பால் காய்ச்சாத ஊட்டுல வெளக்கு வெக்கக்கூடாதுங்களே” என்றாள்.

“அப்ப காய்ச்சிரு.”

அந்த வார்த்தை அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள், கண்ணுகளா. பதினாலு வருஷமாக வயிறு திறக்காதவள். பங்காளி வீட்டில் எந்தப் புதுமனைக்கும் அவளைப் பால்சட்டி தொடவிட்டதில்லை. தன்னுடைய ஏழாம் நம்பருக்கே மூத்த ஓரகத்தி, ரத்தினசாமியின் பெரிய அண்ணன் பெண்சாதி முத்தாத்தாள்தான் வந்து காய்ச்சினாள். இப்போது ஒன்றில்லை, இரண்டில்லை, இருபத்திரண்டு வீடு அவள் கைக்காக அடுப்பைத் திறந்துகொண்டு நின்றது.

வைகாசி வளர்பிறையில் ஒரு காலை. முதல் வீட்டில் பால் நுரைத்து ஏறியது. பொங்கி வழியும்போது, இது இன்னாருடைய குடி என்று அந்த வீட்டுச் சுவருக்குக் கேட்கும்படி பேர் சொல்லவேண்டும், அது அவர்கள் வழக்கம். அந்த வீட்டுக்குச் சொல்ல யார் பேர் இருக்கிறது? பால் வழிகிறது. வாய் சும்மா இருக்கக்கூடாது. சொல்லிவிட்டாள்.

“இது ரத்தினசாமி குடி. நாச்சம்மா குடி.”

இரண்டாவது வீட்டிலும் அதையே சொன்னாள். மூன்றாவதிலும். சொல்லச் சொல்ல நாக்கு இனித்தது. இருபத்திரண்டாவது வீட்டில் சொன்னபோது, முத்தாத்தாள் கேட்கட்டும் என்பதுபோல உரக்கவே சொன்னாள்.

சாம்பல் சுட்ட மறுநாள் விடியற்காலையில், பதினாறாம் நம்பர் வாசலில் அவள் போடுவதற்கு முன்பே கோலம் இருந்தது. குனிந்து பார்த்தாள். இடப்பக்கக் கடைசிப் புள்ளியைச் சுற்றாமல் விட்டிருந்தது. சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து நாச்சம்மாள் கைக்கு அந்தப் புள்ளி மறந்துவிடும். அம்மா திட்டியும் மாறாத மறதி அது. நேற்றே போட்டுவிட்டு மறந்தோமோ என்று நினைத்தாள். மாவு ஈரம் காயவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இவள் கொடியில் போட்ட பழஞ்சேலை சாயங்காலம் பிழிந்து உதறிப்போட்டதாக ஈரம் சொட்டும். திண்டுக்கல் பூட்டுப் போட்ட கதவுக்குப் பின்னால் அம்மிக்குழவி உருளும். அவள் நின்றால் அதுவும் நிற்கும். பதினொண்ணாம் நம்பரின் உள்ளறைத் தரையில், பாய் விரித்து எடுத்த தடம் புழுதி மேல் நீளவாக்கில் கிடந்தது. இரண்டு ஆள் படுக்கிற அகலம்.

ரத்தினசாமிக்கு அரிசி மில்லில் வேலை. உமித்தூசி ஏறி ஏறி ஒரு வறட்டு இருமல் பிடித்திருந்தது. இரண்டு தரம் குட்டையாக, மூன்றாவது தரம் நீளமாக. இருட்டில் ஆயிரம் பேர் இருமினாலும் அவள் அதைத் தனியாகப் பிரித்தெடுத்துவிடுவாள். ஆடி பதினெட்டு அன்று சாயங்காலம், அவன் அவள் எதிரில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தான். வாய் நிறையக் களி. அப்போது காற்று கொஞ்சம் ஓய்ந்தது.

எதிர்வரிசையில் இருந்து இருமல் கேட்டது. இரண்டு குட்டை. ஒரு நீளம்.

அவள் கையில் கரண்டி நின்றுபோயிற்று. ரத்தினசாமி தலையைத் தூக்கவில்லை. ஆனால் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

“ஏனுங்க. கேட்டுதுங்களா?”

“காத்து, புள்ள.”

“காத்துக்கு எப்படிங்க உங்க இருமல் தெரியும்?”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ஒண்ணாந் தேதி வரைக்கும் பொறு. நாலு குடி வந்துட்டா எல்லாம் அடங்கிரும். இந்த ஊடும் போச்சுன்னா, நாம போயி நிக்க எங்க எடமிருக்குது சொல்லு.”

மறுநாளும் போய் விளக்கு வைத்தாள்.

கடைக்குப் போன நாச்சம்மாளிடம் பாவா முதலில் வேடிக்கையாகத்தான் பேச்செடுத்தார். “தங்கச்சி, உம்பட மாப்பிள்ளைக்குப் பீடிக் கிறுக்கு முத்திப்போச்சு. இப்பத்தான் ஒரு கட்டு வாங்கிட்டு மேக்கால போனாரு. நான் பெட்டியை மூடல, கிழக்கால இருந்து வந்து இன்னொரு கட்டுக் கேக்கறாரு. ஊட்டுக்கொரு பொண்டாட்டி வெச்சுருக்காரா?”

“அவரு மில்லுல இருந்து இன்னும் வர்லீங்க, பாவாண்ணா.”

பாவாவின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பட்டப்பகலில், அவர்கள் வீட்டைக் காலி பண்ண மாட்டுவண்டி வந்து நின்றது. சாமான்களுக்கு நடுவில் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பீவி, நாச்சம்மாளின் முகத்தையே பார்த்தாள். அப்புறம் கையை நீட்டி, அவள் கன்னத்தைத் தொட்டாள். சூடு இருக்கிறதா என்று பார்க்கிற தொடல்.

“நேத்து நீங்கதானே எங்ககிட்ட உப்புக் கேட்டு வந்தது?”

“இல்லீங்கக்கா.”

பீவி கையை எடுத்துக்கொண்டாள். “போலாம்” என்றாள் பாவாவிடம்.

வண்டி நகரும்போது பாவா தலையைத் திருப்பாமலே சொன்னார். “ஆள் வரணும் ஆள் வரணும்னு நீதானே தங்கச்சி ஒவ்வொரு ஊட்டுலயும் கூப்பிட்டே.”

ஆவணி ஒண்ணு. வெயில் சாய்ந்தது. அன்று அவள் விளக்கு வைக்கப் போகவில்லை. காலனி ஓரத்துக் கிணற்றடியில் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு மட்டும் யாராவது வந்து வாங்கிவிட்டால் போதும். இருமலும் மூச்சும் உள்ள ஆட்கள், வேறு பேர் உள்ள ஆட்கள் வந்தால், தான் சொன்ன பேரை அந்தச் சுவர்கள் விட்டுவிடும். இந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஆடி முழுவதையும் தாண்டியிருந்தாள்.

ஒரு ஜன்னலில் வெளிச்சம் வந்தது.

அடுத்ததில் வந்தது. வரிசையாக வந்தது. யாரோ கையில் கொள்ளியோடு நடப்பதுபோல இல்லை. எல்லா வீட்டிலும் அந்தந்த வீட்டுக்காரி அவரவர் திரியைத் தூண்டுகிற மாதிரி, முன்னேபின்னே, சாவதானமாக. ஓடுகளுக்கு மேல் புகை எழுந்தது. இருபத்திரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் கடுகு வெடித்தது.

குடத்தைப் போட்டுவிட்டு நடந்தாள். பதினாறாம் நம்பர் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அடுப்புக்கு முன்னால் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையின் வலது தோளில் ஒட்டுப்போட்ட துணி. கறுப்பு நூலில் தைத்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோன அன்று நாச்சம்மாள் தைத்தது. அவள் தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். ஒட்டு அங்கேயும் இருந்தது.

பதினஞ்சிலும் அதே முதுகு.

பதினாலிலும்.

ஜீப் சத்தம் கேட்டது. ஓடினாள். அவள் வீட்டு வாசலில் ஜீப் நின்றிருந்தது. கவுன்சிலர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சித்திரபுரத்தில் கரண்ட் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வாகி, மலைக்குளிர் தாங்காமல் கீழே வீடு தேடி வந்த நல்லதம்பி என்பவர், “அந்த ஒண்ணாம் நம்பர் மட்டுந்தான் இருட்டா இருக்கு. அதை எனக்கு எழுதிடுங்க, விட்டா அதுவும் போயிரும்” என்று அவசரப்பட்டார். பழனிச்சாமியின் முகத்தில் சந்தேகமே இல்லை. எப்போது வந்தார்கள், யார் சாவி கொடுத்தது, ஒன்றும் கேட்கவில்லை. நிறைந்திருந்தால் அவருக்குப் போதும். ஏழாம் நம்பர் படியில் நின்ற பெண்ணிடம், “பரவால்லீயே அம்மிணி, சொன்னாப்புல செஞ்சுட்டே” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

படியில் நின்றவள் தலையைக் குனிந்து சிரித்தாள். நாச்சம்மாள் சிரிக்கிற மாதிரி, பல் தெரியாமல்.

“சார்” என்றாள் நாச்சம்மாள் ரோட்டிலிருந்து.

அவர் திரும்பினார். ஏற இறங்கப் பார்த்தார். “ஊடு பாக்க வந்தீங்களாக்கும். அடடா. ஒண்ணுகூடக் காலி இல்லீங்களே.”

“நாந்தானுங்க சார்...”

“வேற எடம் பாருங்க, அம்மா. இருட்டறதுக்குள்ள.”

ஜீப் போயிற்று. அதன் புழுதி அடங்கும் முன்னே பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. ரத்தினசாமி இறங்கினான். தோளெல்லாம் உமித்தூசி. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. “ஏனுங்க” என்று இரண்டடி ஓடினாள்.

அவனுக்குப் பின்னால் ரத்தினசாமி இறங்கினான்.

அவனுக்குப் பின்னாலும்.

பஸ் கிளம்பாமல் நின்றுகொண்டே இருந்தது. இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரே நடை. கையில் ஒரே சோத்துத் தூக்குப்போசி. இரண்டு குட்டை, ஒரு நீளம். இரண்டு குட்டை, ஒரு நீளம். ஒவ்வொருவனாக ஒவ்வொரு வாசலுக்குப் பிரிந்தான். எவன் அவளுடையவன்? முகத்துக்கு முகம் பார்த்தாள். எல்லாம் அவளுடையவன். ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே உடம்பு சூடாக இருந்தது. வேர்வை வாசனைகூட அவனுடையதுதான்.

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விடுவித்தான்.

“ஆருங்க நீங்க?” என்றான்.

ஏழாம் நம்பர் உள்ளே தட்டு வைக்கிற ஓசை. “வெளியில ஆரு புள்ள?” என்று ஓர் ஆண்குரல். “ஆரோ வழிப்போக்கருங்க. பாவம்” என்று ஒரு பெண்குரல். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை சொம்புத் தண்ணீரைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போயிற்று. தாழ் விழுந்தது.

நான் நாச்சம்மா என்று கத்தப் பார்த்தாள். வாய் திறந்தது. உதடு அசைந்தது. பேர் வரவில்லை. தேடினாள். பேர் இருந்த இடம் வழித்த பால்சட்டி மாதிரி இருந்தது.

தெரு முழுக்க ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் ஒருத்தி வந்து நின்றாள். ஒட்டுப்போட்ட ரவிக்கை. பல் தெரியாத சிரிப்பு. ரோட்டில் நிற்கிற இந்த அநாதையை, இரக்கமாக, கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அப்புறம் எல்லாக் கைகளும் ஒன்றாக நீண்டு, பச்சை ஜன்னல்களை இழுத்துச் சாத்தின.

உள்ளே சாப்பிட உட்கார்ந்தார்கள்.

(முற்றும்)